கொதிகலன் அறையில் ஒரு பூங்கா

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், யூனியன் ஏரியின் வடகரையில் இருக்கிறது கேஸ் வொர்க்ஸ் பூங்கா. விடுமுறை நாளில் குடும்பங்கள் கட்டிவந்த சாப்பாட்டைப் பிரிக்கும் கூடம், ஒரு காலத்தில் ஆலையின் கொதிகலன் அறை. பிள்ளைகள் ஓடியாடும் கொட்டகையில், வாயுவை அழுத்தித் தள்ளிய எந்திரங்கள் வண்ணம் பூசப்பட்டு அங்கேயே நிற்கின்றன. ஆலை நிலத்தைப் பூங்காவாக்கும்போது பழையதையெல்லாம் தரைமட்டமாக்கிப் புல் விதைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. சியாட்டில் அப்படிச் செய்யாதது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

1906 முதல் 1956 வரை இங்கே நிலக்கரியிலிருந்தும் பிறகு எண்ணெயிலிருந்தும் எரிவாயு தயாரித்தார்கள். வாயு ஊருக்குள் போனது. தாரும் பென்சீனும் நிலத்தில் தங்கின. குழாய்வழி இயற்கை எரிவாயு வந்ததும் ஆலை மூடப்பட, நகராட்சி நிலத்தை வாங்கியது. பூங்காவின் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஹாக், ஆலையின் கோபுரங்களை இடிக்கக் கூடாது என்று ஊரெல்லாம் வாதாடினார். நகரமன்ற உறுப்பினராக இருந்து மறைந்த மிர்ட்டில் எட்வர்ட்ஸின் பெயரைத்தான் பூங்காவுக்கு வைப்பதாக இருந்தது. ஆலை அப்படியே நிற்கப் போகிறது என்றதும், அந்தப் பெயரே வேண்டாம் என்று அவர் குடும்பத்தார் சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. அரை நூற்றாண்டு புகையைச் சகித்த ஊருக்குத் துருப்பிடித்த இரும்பு எதற்கு? ஆனால் கோபுரங்களை இடித்திருந்தாலும் தார் மண்ணுக்குள்ளேயேதான் இருந்திருக்கும். ஏரியில் இறங்காதீர்கள் என்று கரையில் வைத்திருக்கும் பலகைக்கு, அந்தக் கோபுரங்களைவிடத் தெளிவான விளக்கம் வேறு கிடையாது.

நஞ்சேறிய மண்ணில் குழந்தைகளை விளையாட விடலாமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. ஹாக் மண்ணை முழுவதும் அள்ளிக்கொண்டு போகவில்லை. கழிவுநீர்ச் சேற்றையும் மரத்தூளையும் கலந்து உழுது, காற்றோட்டம் கொடுத்து, எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களைப் பெருக வைத்தார். இடிபாடுகளைக் குவித்து மேலே நல்ல மண் போட்டதுதான் இன்று பட்டம் விடும் குன்று. 1975-ல் பூங்கா திறந்தது. அதோடு வேலை முடிந்துவிடவில்லை. மாசு பற்றிய அச்சத்தால் 1984-ல் சிறிது காலம் மூட வேண்டி வந்தது. பின்னாளில் நிலத்தடியில் காற்றைச் செலுத்தினார்கள், மேலே புது மண் பரப்பினார்கள். ஏரிப்படுகையின் மாசு இன்னும் தீரவில்லை. ஹாக்கின் முறை மட்டும் போதாது என்பதை இதிலிருந்து ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தன் பிள்ளைகள் புழங்கும் இடம் என்பதால்தான் ஊர் திரும்பத் திரும்பச் சோதித்துக் கேள்வி கேட்கிறது. வேலி போட்டுக் கைவிட்ட மனைக்கு அந்த அக்கறை கிடைத்திருக்காது.

ஓர் எதிர்ப்பை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. வேலி தாண்டிக் கோபுரங்களில் ஏறி, விழுந்து இறந்தவர்கள் உண்டு. 2013-ல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இந்த இடம் சேர்ந்தது; அந்தப் பெருமை உயிர்காக்கும் மாற்றங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. கோபுரங்கள் நிற்கட்டும், ஏறத் துணையாகும் ஏணிகளையும் நடைபாதைகளையும் கழற்றிவிட வேண்டும்.