உணவைப் பகையாக்காத உடல்

உடலினுள் புகும் அந்நியப் புரதத்தை எதிர்ப்பது நோயெதிர்ப்பு மண்டலத்தின் பணி. அவ்வாறாயின், நாள்தோறும் நாம் உண்ணும் பாலும் முட்டையும் பருப்பும் அதன் பகைமைக்கு ஆளாகாதது எங்ஙனம்?

குடற்சுவரில் காவல் நிற்கும் ஒருவகை உயிரணுக்கள் உணவுப் புரதத்தின் துணுக்குகளை ஏந்தி, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் செல்கின்றன. அங்கே, வைட்டமின் ஏ-யிலிருந்து பிறக்கும் ஓர் அமிலத்தின் துணையோடு, எதிர்ப்பை அடக்கியாளும் டி அணுக்கள் உருவாகின்றன. அப்புரதம் மீண்டும் வரும்போது அவை போரைத் தடுத்துவிடுகின்றன. ஆனால் அதே புரதம் வெடிப்புற்ற தோலின் வழியே முதலில் நுழையுமாயின், பகையாகவே பதிவாகிவிடக்கூடும். வாசல் வழி வருபவன் விருந்தாளி. சுவரேறி வருபவன் கள்வன்!

இதனை அறியாமல் மருத்துவ உலகமே தடுமாறியது. ஒவ்வாமைக்கு ஆளாகக்கூடிய குழந்தைகளுக்கு 3 வயது வரை நிலக்கடலை தரலாகாது என 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவுறுத்தியது. 2008இல் அதனைக் கைவிட்டது. பின்னர் லண்டனில் கிதியோன் லாக் குழுவினர், கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 பச்சிளங் குழந்தைகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். 2015இல் வெளியான முடிவு வியப்பூட்டுவது: 5 வயதில், கடலையைத் தவிர்த்தோருள் 17.2 விழுக்காட்டினர்க்கு ஒவ்வாமை, உண்டுவந்தோருள் 3.2 விழுக்காட்டினர்க்கே.

எனினும், கடும் கரப்பானுள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்குதல் வேண்டும். முழுக்கடலை மூச்சுக்குழலை அடைக்கும். நன்கு அரைத்து, நீர்க்கக் கரைத்தே ஊட்டவேண்டும்.