அதிகாரத்துக்கும் வேலி உண்டு

"சர்க்கார் நினைத்தால் எதையும் செய்யும். நாம் என்ன செய்ய முடியும்?" நம் கடைவீதிகளில் தினசரி காதில் விழும் பேச்சு இது. இதில் பாதிதான் உண்மை. நம்மை ஆளுகிற சர்க்காரும் ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே. அந்த அரசியல் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆரம்ப நாட்களிலேயே கோர்ட்டுப் படி ஏறியவர்களில் நம்மைப் போன்ற மண்டிக்காரர்களும் உண்டு என்பதை நம் உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தில் கைரானா என்று ஓர் ஊர். அந்த நகராட்சி, காய்கறி, பழ மொத்த வியாபாரத்துக்கு ஒரு பைலா போட்டது. முன் அனுமதி இல்லாமல் புதிதாக மண்டி வைக்கக் கூடாது. நகராட்சி குறித்த இடம் தவிர வேறெங்கும் விற்கக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மொத்த வியாபாரத்துக்கு லைசென்ஸ் கொடுக்க அந்தப் பைலாவில் வழியே கிடையாது. மொத்த வியாபார உரிமை முழுவதையும் ஒரே ஆளுக்குக் காண்டிராக்டாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ரஷீத் அகமது என்ற கமிஷன் வியாபாரி மனுப் போட்டார், தள்ளிவிட்டார்கள். வியாபாரத்தைத் தொடர்ந்ததற்கு வழக்கும் போட்டார்கள்.

அவர் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அடிப்படை உரிமை பறிபோனால் நேரடியாக அங்கே போகலாம் என்று 32-வது பிரிவு சொல்கிறது. 1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. அதே ஆண்டு மே 19-ல் தீர்ப்பு வந்துவிட்டது. எந்தத் தொழிலும் வியாபாரமும் செய்யும் உரிமையை 19-வது பிரிவு குடிமகனுக்குத் தந்திருக்கிறது. அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். ஒருவனை அடியோடு தடுத்து நிறுத்துவது நியாயமான கட்டுப்பாடு ஆகாது என்றார்கள் நீதிபதிகள். நிலுவையில் இருந்த வழக்கையும் வாபஸ் வாங்கச் சொன்னார்கள். காய்கறி மண்டிக்காரர் ஒருவருக்காக நாட்டின் உச்ச நீதிமன்றமே உட்கார்ந்து விசாரித்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அதே ஆண்டு நவம்பரில் மத்தியப் பிரதேச சாகர் ஜில்லா பீடித் தொழில் வழக்கும் இப்படியே முடிந்தது. விவசாய வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகச் சில கிராமங்களில் சாகுபடிக் காலத்தில் பீடி சுற்றவே கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். வயலில் இறங்க முடியாத கிழவர்களும் பெண்களும் என்ன செய்வார்கள் என்று கேட்டுக் கோர்ட்டு அந்தத் தடையை ரத்து செய்தது.

இனி நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். வெளியூர்ச் சரக்கு, உள்ளூர்ச் சரக்கு என்று வரியில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 304-வது பிரிவு. அந்நாளைய சென்னை ராஜ்யத்தின் விற்பனை வரி விதி ஒன்று, இங்கே பதனிட்ட தோலுக்குப் பச்சைத் தோலின் விலை மீதும், வெளி ராஜ்யத்தில் பதனிட்டு வந்த தோலுக்குப் பதனிட்ட தோலின் விற்பனை விலை மீதும் வரி போட்டது. வரி விகிதம் ஒன்று, சுமை வேறு. 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த விதியைச் செல்லாது என்றது.

இதைவிட நமக்கு முக்கியமானது 1967-ல் வந்த ஜாவர் வழக்குத் தீர்ப்பு. சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டத்தின் 41-வது பிரிவு, அதிகாரிகளுக்குக் கடையில் நுழையவும் கணக்கைப் பார்க்கவும் எடுத்துச் செல்லவும் அதிகாரம் கொடுத்தது. இந்த அதிகாரமே தப்பு என்று வியாபாரிகள் வாதாடினார்கள். அதைக் கோர்ட்டு ஏற்கவில்லை. வரி ஏய்ப்பைத் தடுக்கச் சோதனை தேவை என்றுவிட்டது. (இதை மறைத்துவிட்டு வெற்றி வெற்றி என்று மேடையில் பேசுவோரை நான் கேட்டிருக்கிறேன்.) ஆனால் சோதனைக்கு முன் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று கோடு கிழித்தது. வீட்டைச் சோதிக்க மாஜிஸ்திரேட் வாரண்டு வேண்டும். அந்த வழக்கில் வாரண்டு இருந்தது; ஆனால் அச்சடித்த பாரம், அடிக்க வேண்டிய வரிகளைக்கூட அடிக்கவில்லை. மாஜிஸ்திரேட் யோசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று முடிவு செய்து, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். கணக்கில் வராத சரக்குக்கு முதல் விற்பனை நடக்கும் முன்பே வரி கேட்ட உட்பிரிவும் விழுந்தது.

அந்தச் சட்டம் போய், 2007-ல் வாட் வந்து, 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடக்கிறது. வேலி மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றும் ஜாயிண்ட் கமிஷனர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி, நம்புவதற்குக் காரணம் இருந்து, எழுத்தில் அனுமதி தந்தால்தான் 67-வது பிரிவின்படி சோதனை. அந்த அனுமதிப் படிவத்தின் பெயர் ஐ.என்.எஸ்.-01. கேட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவு அல்ல. சரக்கை எடுத்தால் ஐ.என்.எஸ்.-02 உத்தரவு தர வேண்டும்.

சோதனை நடக்கும்போதே "இவ்வளவு கட்டிவிடுங்கள், முடித்துக்கொள்ளலாம்" என்று சொல்லுவது உண்டு. கடைக்கு வெளியே கூட்டம் கூடியிருக்கும். மானத்துக்குப் பயந்து கட்டிவிடுவோம். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது 265-வது பிரிவு. 'வசூலிக்கவோ' என்ற சொல்லைக் கவனியுங்கள். சோதனையின்போது நிர்ப்பந்தம் செய்து வசூலிக்கக் கூடாது என்று மத்திய வரி வாரியமே 2022 மே 25-ல் அறிவுறுத்தல் அனுப்பியது. 2025 பிப்ரவரியில் கைது அதிகாரம் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும், மிரட்டி வாங்கினால் கோர்ட்டுக்கு வந்து திரும்பக் கேட்கலாம், அந்த அதிகாரி மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் தாமாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கட்டியவர் பிறகு 'நிர்ப்பந்தம்' என்று நிரூபிப்பது கஷ்டம்.

நமக்கு ருசிக்காத தீர்ப்புகளும் உண்டு. தவறாக வசூலித்த வரியானாலும், அதை நாம் சரக்கு விலையில் சேர்த்து வாடிக்கையாளரிடம் வாங்கியிருந்தால் நமக்குத் திரும்பக் கிடைக்காது என்று 1996 டிசம்பரில் ஒன்பது நீதிபதிகள் பெஞ்சு பெரும்பான்மையாகத் தீர்மானித்தது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கட்டிடக் காண்டிராக்டில் சேரும் பொருளுக்கு விற்பனை வரி இல்லை என்று 1958-ல் சென்னை அரசு தோற்றது. 1982-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி அந்த வரியைப் போட வழி செய்துகொண்டார்கள்.

கடைசியாகக் கெடு விஷயம். ஜி.எஸ்.டி. உத்தரவு வந்தால் அப்பீலுக்கு மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் ஒரு மாதம். தகராறில் உள்ள வரியில் பத்து சதவீதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும். உத்தரவுகள் இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான் வருகின்றன. தபால்காரர் கொண்டுவந்து கொடுப்பார் என்று காத்திருக்காமல், வாரம் ஒருமுறையாவது ஆடிட்டரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.