பழைய பெட்டிக்கு ஏற்ற இழுவை

மேலைநாட்டார் ‘காரவன்’ என்றழைக்கும் சில்லு வீட்டைப் பற்றி நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். 1885ஆம் ஆண்டிலே கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் கடற்படை வைத்தியர் ஏறத்தாழ இரண்டு தொன் எடையுள்ள மரவீடொன்றைச் செய்வித்து, இரு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்து வரை உலாப் போனார். பின்னர்க் குதிரையின் இடத்தை மோட்டார்க் கார் பிடித்துக்கொண்டது. அன்று தொட்டு, பழைய காரவன் ஒன்றை எந்தக் காரிற் பூட்டலாம் என்பது அந்நாட்டாரிடையே ஓயாத கேள்வியாக இருந்து வருகின்றது.

வன்னியிலே காரவன் இல்லை. கேள்வி மட்டும் உண்டு. வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் சந்நிதிக்கும், ஆவணித் திருவிழாவுக்கு மடுமாதா கோயிலுக்கும், நம் முன்னோர் கூடார வண்டில் கட்டி, அரிசி பானை பாய் யாவும் ஏற்றிச் சென்று, மரநிழலிலே நாட்கணக்காய்த் தங்கினர். வண்டிலின் பின் உழவு இயந்திரமும் அதன் பெட்டியும் வந்தன. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்விலே கூரைத் தகரமும் நெல்மூட்டையும் முதியோரும் குழந்தைகளும் அந்தப் பெட்டியிலேதான் ஏறினர். தறப்பாள் கட்டிய பெட்டியே பலருக்கு வீடாயிற்று. எனவே ஒரு குடும்பம் தன் பழைய பெட்டியை விற்க மனமின்றித் திருத்தி வைத்திருப்பதில் வியப்பில்லை. அதனை எதிலே பூட்டுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

இயந்திரம் வாங்கப் போகிறவர் முதலிற் கேட்பது, “எத்தனை குதிரைவலு?” என்பதே. அக்கேள்வி பிழையன்று, ஆனால் முதற் கேள்வி அதுவன்று. நமது நிலம் பெரும்பாலும் சமதரை. சமதரையிலே உருளும் பாரத்தை இழுக்கப் பெருவலு வேண்டுவதில்லை. வலு வேண்டியது நிறுத்துவதற்கு. பழைய பெட்டிகள் பலவற்றுக்குப் பிறேக் கிடையாது. ஒன்றரைத் தொன் இயந்திரத்தின் பின்னே மூன்று தொன் பாரமுள்ள பெட்டியைப் பூட்டினால், இயந்திரத்தின் பிறேக் ஒன்றே நாலரைத் தொன்னையும் நிறுத்தவேண்டும். தனியே பத்து மீற்றரில் நிற்கும் இயந்திரம் இப்பொழுது முப்பது மீற்றர் ஓடியே நிற்கும். வேகத்தை இரட்டித்தால் அத்தூரம் நான்கு மடங்காகும். நான் கலைப் பட்டதாரி. இயந்திர நூல் கற்றவனல்லன். ஆயினும் இந்தக் கணக்குக்குப் பொறியியலாளர் தேவையில்லை. கிரவல் வீதியிலே சில்லு சறுக்குமாதலால் கணக்கு இன்னும் கடுமையாகும்.

இங்கிலாந்திலே புதிதாகக் காரவன் ஓட்டுபவர்க்கு ஓர் அறிவுரை உண்டு: இழுபடுவதன் எடை, இழுக்கும் காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டலாகாது என்பது. நாமோ இருநூறு சதவீதத்தைச் சாதாரணமாகப் பூட்டுகின்றோம்! உழவு இயந்திரம் மெல்லச் செல்வதாலேயே இது ஒருவாறு செல்லுபடியாகின்றது. மயிலிறகேயானாலும் அளவு மீறினால் அச்சு முறியுமென்று வள்ளுவர் சொன்னார். நம் காலத்து இரும்பு அச்சு முறிவதில்லை. முன்னே இருப்பவனைத் தள்ளிக்கொண்டு போகின்றது.

இனி, பாரம் எங்கே அமர்கின்றது என்பதைப் பார்ப்போம். முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை வண்டிலோட்டிய எவரும் அறிவர். அயர்லாந்திலே பிறந்த ஹரி பேர்குசன் இவ்வுண்மையை உழவு இயந்திரத்துக்குப் பயன்படுத்தினார். அவர் பெட்டியின் அச்சை நன்கு பின்னே தள்ளி வைத்து, பாரத்தின் ஒரு பங்கு இயந்திரத்தின் பின்சில்லுகள் மேல் விழச் செய்தார். அதனால் எடை குறைந்த இயந்திரமும் சில்லுப் புரளாது இழுத்தது. அவர் மரபில் வந்த மாசி பேர்குசன் 35, 1964இல் வெளிவந்த 135 ஆகியன ஓரச்சுப் பெட்டிக்கு நன்கு பொருந்துவன. பெட்டியிலே மூட்டைகளை அச்சுக்குச் சற்று முன்னாக அடுக்குங்கள். பின்பாரமானால் பெட்டி வாலாட்டும். மிகை முன்பாரமானால் இயந்திரத்தின் முன்சில்லு மிதந்து திருப்பத்துக்கு இணங்காது.

கொழுவும் உயரமும் முக்கியம். எருதுகளின் உயரம் ஒவ்வாவிட்டால் நுகம் சாயும். இங்கேயோ உயிரே போகும். பின் அச்சுக்கு மேலான இடத்திலே சங்கிலி கட்டி, சேற்றிற் புதைந்த பெட்டியை இழுத்தால், இயந்திரம் முன்கால் தூக்கிய குதிரைபோல் எழுந்து ஓட்டுபவர் மேற் கவிழும். கீழேயுள்ள கொழுவியே அதற்குரிய இடம். மற்றொன்று, வயலிலே திரும்புவதற்காக இரு பின்சில்லுகளுக்கும் தனித்தனி பிறேக் மிதிகள் இருக்கும். வீதியில் ஏறுமுன் இரண்டையும் கொளுக்கியால் இணைத்துக்கொள்க.

‘லாண்ட்மாஸ்டர்’ பற்றித் தனியே சொல்லவேண்டும். பிரித்தானியக் கம்பனி ஒன்றின் பெயர் நம் நாட்டிலே இருசில்லு இயந்திரம் அனைத்துக்கும் பெயராகிவிட்டது. சிறு பெட்டிக்கும் குறுகிய ஒழுங்கைக்கும் இதனை விஞ்ச வேறில்லை. ஆனால் குளக்கட்டிலிருந்து இறங்கும்போது ஒரு விபரீதம் நேரும். வலப்பக்க நெம்பை அழுத்தினால் வலச்சில்லுக்குச் செல்லும் விசை அறும். சமதரையிலே வண்டி வலமாகத் திரும்பும். இறக்கத்திலோ பெட்டி பின்னின்று தள்ளுகின்றது. விசை அறுந்த சில்லு கட்டின்றி விரைந்துருள, மற்றைய சில்லை எஞ்சின் பிடித்து நிறுத்த, வண்டி இடமாகத் திரும்பிவிடும்! பழகாத இளைஞர் அஞ்சி மேலும் அழுத்துவர். கட்டிலிருந்து கீழே போவர். இறங்குமுன்னரே தாழ்ந்த கியரைப் போட்டு, நெம்பைத் தொடாது, கைப்பிடியை உடல் வலுவால் திருப்புவதே முறை. பெட்டியிலுள்ள கால்மிதி பிறேக் பழுதுபட்டிருந்தால் அன்றைய பயணத்தை ஒத்திவைக்கலாம், அம்மன் கோபிக்கமாட்டாள்.

ஆகவே பிறேக் இல்லாத பெரிய பெட்டி வைத்திருப்போர் எடை மிக்க நாற்சில்லு இயந்திரத்தையே நாடுக. அது இயலாதாயின் பாரத்தைப் பாதியாக்கி இருமுறை செல்க. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர்; மணிக்கு 15 கிலோமீற்றர் ஓடினாலும் மூன்றரை மணியிற் சென்றடையலாம். வெடித்த பழைய ரயரை மாற்றுக. கொழுவி ஆணிக்குப் பூட்டூசி இட்டு, அது கழன்றாலும் பெட்டி பிரிந்தோடாதிருக்கக் காவற் சங்கிலி ஒன்றும் பிணைத்துவிடுக. கண்டி வீதியிலே பேருந்துகள் விரைந்து வருகின்றன. விளக்கில்லாத பெட்டியின் பின்புறம் இருளிலே தெரியாது. செந்நிற ஒளித்தெறிப்பான் இரண்டினைப் பின்பலகையின் இரு ஓரங்களிலும் அறைந்து, கோயிலுக்குப் புறப்படும் காலையில் அவற்றின் மேலுள்ள சேற்றைத் துடைத்துவிடுங்கள்.