மாற்றுச் சிறுநீரகமும் மருந்தின் அளவும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில் அமைந்த எலெக்ட்ரானிக் சிட்டி, கணிப்பொறித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள பயோகான் நிறுவனம் தயாரிக்கும் மருந்துகளுள் டாக்ரோலிமஸ் ஒன்றாகும். ஜப்பானில் சுகுபா வட்டாரத்து மண்ணில் 1984-இல் கண்டறியப்பட்ட நுண்ணுயிர் ஒன்றே இதன் பிறப்பிடம்.

பிறர் அளித்த சிறுநீரகத்தை உடல் அயற்பொருளாகக் கருதி அழிக்க முற்படும். வெள்ளணுக்களின் இவ்வெதிர்ப்பை டாக்ரோலிமஸ் அடக்குகிறது. எனினும், அளவு மிகுந்தால் காக்க வேண்டிய சிறுநீரகத்திற்கே அது ஊறு விளைவிக்கும்; நீரிழிவும் தொற்றுநோயும் தோன்ற இடமுண்டு. அளவு குறைந்தாலோ, உடல் சிறுநீரகத்தை ஏற்க மறுக்கும்.

ஆகவே, எவ்வளவு குறைக்கலாம் என்பதே வினா. 2007-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று 1,645 நோயாளிகளை நான்கு பிரிவாக்கி ஓராண்டு கவனித்தது. குறைந்த அளவு டாக்ரோலிமஸைத் துணை மருந்துகளுடன் பெற்றவர்களுக்கே சிறுநீரகம் செவ்வனே இயங்கியது. ஏற்க மறுத்தலும் குறைந்திருந்தது. அவர்களது இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 3 முதல் 7 நானோகிராம் மருந்து இருத்தல் வேண்டுமென வரையறுத்து, அதனைச் சோதித்தே அளவு திருத்தப்பட்டது.

அகமதாபாதில் டாக்டர் எச். எல். திரிவேதி (1932-2019) குழுவினர், கொடையாளியின் குருத்தணுக்களைச் செலுத்தி மருந்தைக் குறைக்க முயன்றனர். அம்முறை இன்னும் பொது வழக்கிற்கு வரவில்லை.

உடல் தேறிவிட்டதெனக் கருதியோ, செலவை எண்ணியோ தாமே மருந்தைக் குறைப்போர் உண்டு. சிறுநீரகம் பழுதுறத் தொடங்குவதை நோயாளி பெரும்பாலும் உணரார். இரத்தச் சோதனையே அதனைக் காட்டும். அளவைக் குறைப்பது மருத்துவர் பொறுப்பு; வேளை தவறாது உட்கொள்வது நோயாளியின் கடமை. இவ்வேறுபாட்டைக் களப்பணியாளரும் ஆசிரியரும் எடுத்துரைத்தால், அரிதிற் பெற்ற சிறுநீரகம் வீணாகாது.