குதித்தால் கணக்கு வருமா?

“ஆடாம உட்காரு.” தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளை நாள் முழுக்கக் கேட்கும் கட்டளை இது. நெதர்லாந்தில் 12 பள்ளிகளில் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். ஆய்வில் 2, 3ஆம் வகுப்புப் பிள்ளைகள் 499 பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வாரம் மூன்று முறை, 20 முதல் 30 நிமிடம் கணக்கும் மொழியும் நின்றபடி, குதித்தபடி நடந்தன. ஸ்மார்ட் போர்டில் 2×3 என்று வந்தால் விடையை ஆறு முறை குதித்துச் சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டும்போது எழுத்துக்கு ஒரு குதி.

இரண்டு ஆண்டு நடந்த இந்த ஆய்வு 2016இல் வெளியானது. குதித்தவர்கள் கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் ஏறக்குறைய நான்கு மாதப் படிப்பு அளவுக்கு முந்தியிருந்தார்கள். வாசிப்பில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. ஓடிக்கொண்டே கதை படிக்க முடியாதுதானே!

மதிப்பெண் இருக்கட்டும், பிள்ளைகளுக்கு இது பிடிக்கிறதா? கிரேக்கத்தில் 4 முதல் 6ஆம் வகுப்புவரை உள்ளவர்களிடம் இதைக் கேட்டு, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். உடலசைவு கலந்த பாடத்துக்குப் பிறகு, ஆர்வம் கூடியதாகவும் ‘என்னால் முடிகிறது’ என்று தோன்றியதாகவும் பிள்ளைகள் தெரிவித்திருந்தார்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற உளவியலாளர்களின் கோட்பாடு இதற்குப் பொருந்துகிறது. முடியும் என்ற நம்பிக்கை, தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, கூட்டாளிகளோடு ஒட்டுதல் ஆகிய மூன்றும் இருந்தால் உள்ளிருந்தே ஊக்கம் பிறக்கும் என்கிறார்கள் அவர்கள்.

இந்த மூன்றும் இல்லாத அசைவு, விசில் ஊதி நடத்தும் டிரில்தான். அதற்கு நேர்மாறாக, ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரப் பள்ளி ஒன்றில் 2012இல் தொடங்கிய ‘டெய்லி மைல்’ திட்டத்தில், பிள்ளைகள் தினமும் 15 நிமிடம் வெளியே போய் ஓடலாம், நடக்கலாம். போட்டி கிடையாது. நண்பரோடு பேசிக்கொண்டே அவரவர் வேகத்தில் போகலாம் என்பதுதான் பலருக்குப் பிடித்தது. தினமும் அதே பாதையா என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மருந்து பொருந்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் 1ஆம் வகுப்பில் ஆறு வாரம் உடலை அசைத்துக் கணக்குப் படித்ததில் பலன் அடைந்தவர்கள் ஓரளவு நன்றாகப் படிப்பவர்களே. கணக்கில் பின்தங்கியவர்களுக்குப் பயனில்லை. ஃபுளோரிடாவில் 8 முதல் 12 வயதுச் சிறுவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2015இல் வந்தது. கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் உள்ளவர்கள், உடலை அதிகம் அசைத்தபோது நினைவுச் சோதனையை நன்றாகச் செய்தார்கள். மற்றவர்களுக்கு அதே அசைவு இடைஞ்சலானது. மிகைத் துடிப்புள்ள பிள்ளைகள் நெளிவது குறும்பு என்று நினைத்து அடக்கும்போது, கவனத்தைத் தக்கவைக்க அவர்கள் கண்டுபிடித்த வழியையும் அடைத்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் வந்தபோது பிள்ளைகள் பெஞ்சிலிருந்து பாய்க்கு இறங்கினார்கள். பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படியில் தன் நிலையைப் பார்த்து, தானே எழுந்து போய் அதற்கான பாட அட்டையை எடுத்துவர வேண்டும். உடற்பயிற்சிக்காக யாரும் அப்படித் திட்டமிடவில்லை. ஆனாலும் எழுந்து நடக்க ஒரு காரணம் பாடத்துக்குள்ளேயே இருந்தது, எப்போது எழுவது என்பதும் பிள்ளையின் கையில் இருந்தது. வகுப்பு ஒரே இரைச்சல் என்று குறைப்பட்டவர்கள் ஏராளம். அந்த ஏற்பாடும் நான்காம் வகுப்புவரைதான் இருந்தது.