உடற்பயிற்சியும் உணவியலும்: தொழிலாகக் கொள்ளலாமா?

மருத்துவர் ஆகலாம், பொறியாளர் ஆகலாம், ஆசிரியர் ஆகலாம். பள்ளி இறுதி வகுப்பை எட்டும் மாணவர்களிடமிருந்து நாம் கேட்டுப் பழகிய விடைகள் இவை. அண்மைக் காலமாக வேறு இரண்டு விடைகளும் வருகின்றன. "உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர் ஆகப்போகிறேன்" என்கிறான் ஒரு மாணவன். "உணவியல் படிக்கப்போகிறேன்" என்கிறாள் ஒரு மாணவி. பெற்றோர் திகைக்கிறார்கள். தண்டால் எடுப்பது ஒரு வேலையா? சோறு சாப்பிடச் சொல்லிக்கொடுக்க ஒரு படிப்பா?

கேள்வி நியாயமானதுதான். இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை சொல்லிவிட முடியாது. இத்தொழிலின் உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். இயற்பியல் ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். உடலும் ஓர் இயந்திரமே. ஆற்றல் அழியாமை விதிக்கு அதுவும் கட்டுப்பட்டதே. ஆகவே இயற்பியலிலிருந்தே தொடங்குவோம்.

ஒரு வடையும் நார்த்தாமலையும்

புதுக்கோட்டை மாவட்டத்து மாணவர்கள் பலரும் நார்த்தாமலைக்குச் சுற்றுலா போயிருப்பீர்கள். 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அங்கே பாறைச் சரிவில் 50 மீட்டர் உயரம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்த வேலை எவ்வளவு? நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். 50 × 10 × 50 = 25,000 ஜூல். ஒரு கிலோகலோரி என்பது ஏறத்தாழ 4,200 ஜூல். ஆகவே இந்த வேலை 6 கிலோகலோரிதான்!

ஆனால் நம் தசைகள் உணவின் ஆற்றல் முழுவதையும் வேலையாக மாற்றுவதில்லை. மிகச் சாதகமான நிலையிலும் நான்கில் ஒரு பங்கே வேலையாகிறது. மீதி முக்கால் பங்கு வெப்பமாகிவிடுகிறது. எனவே 6 கிலோகலோரி வேலைக்கு உடல் 24 கிலோகலோரி செலவிடுகிறது.

மலையிலிருந்து இறங்கியதும் கடையில் ஒரு மெதுவடை. அளவையும் எண்ணெயையும் பொறுத்து மாறும் என்றாலும், அதை 100 கிலோகலோரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வடையின் ஆற்றலைச் செலவிட அந்த மலையில் நான்கு முறைக்கு மேல் ஏற வேண்டும். வியப்பாக இருக்கிறதல்லவா?

இப்போது ஒரு விளம்பரத்தைச் சோதித்துப் பார்ப்போம். "பத்தே நாளில் பத்துக் கிலோ கொழுப்புக் குறையும்" என்று சுவரொட்டி சொல்கிறது. உடலில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கிலோகலோரி ஆற்றல் இருக்கிறது. பத்துக் கிலோவுக்கு 77,000. பத்து நாளில் குறைய வேண்டுமானால், உண்ணும் உணவைவிட நாளொன்றுக்கு 7,700 கிலோகலோரி கூடுதலாகச் செலவாக வேண்டும். சாதாரண வேலை செய்யும் பெரியவர் ஒருவரின் ஒரு நாள் மொத்தச் செலவே 2,000 முதல் 2,500 கிலோகலோரிதான். ஒன்றுமே உண்ணாமல் கிடந்தாலும் கணக்கு நிறைவேறாது. அந்தச் சுவரொட்டி பொய் சொல்கிறது என்பதை ஒன்பதாம் வகுப்புக் கணக்கைக் கொண்டே கண்டுபிடித்துவிட்டோம்.

வியர்வை சொல்லும் பாடம்

அப்படியானால் சிலருக்கு இரண்டே நாளில் எடை குறைவது எப்படி? நீர்தான் காரணம். தசைகள் உண்டாக்கும் வெப்பத்தை உடல் வெளியேற்றியாக வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே விதிப்படிதான். வியர்த்ததால் எடைத்தட்டில் ஒரு கிலோ குறைந்தால், குறைந்தது பெரும்பாலும் தண்ணீரே. நான்கு குவளை நீர் குடித்தால் அது திரும்பி வந்துவிடும்.

இதை அறியாத சிலர், காற்றுப் புகாத உடையை அணிந்துகொண்டு வெயிலில் ஓடச் சொல்கிறார்கள். அந்த உடைக்குள் வியர்வை வழியும், ஆனால் ஆவியாகாது. வெப்பம் வெளியேற வழியில்லாமல் உடலின் உள் வெப்பநிலை ஏறும். மயக்கமும் வெப்பத்தாக்கும் வரும். உயிருக்கே ஆபத்தாக முடியலாம். சித்திரை வெயிலில் அன்னவாசல் பக்கம் பாறை கொதிக்கும். கடலோரமான மீமிசலிலோ காற்றில் ஈரம் மிகுதி, அதனால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. ஒரே பயிற்சியை இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி கொடுக்கக் கூடாது. பயிற்சியாளருக்கு அறிவியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

குன்னூரில் பிறந்த ஓர் ஆய்வு

உணவியல் நம் நாட்டில் எங்கே வளர்ந்தது தெரியுமா? நம் நீலகிரியில்தான். 1918இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரு பகுதியில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். இந்நோய் கண்டவருக்குக் கால்கள் மரத்துத் தளரும், இதயமும் பழுதுபடும். உணவில் தயாமின் என்னும் பி1 வைட்டமின் குறைவதே காரணம்.

மெக்காரிசன் பின்னர் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்டவை நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி, பாலும் காய்கறியும் குறைந்த உணவை உண்டவை மெலிந்து நோயுற்றன. வயிறு நிறைவது வேறு, சத்து நிறைவது வேறு என்பது எடைத்தட்டில் தெரிந்தது. அந்தச் சிறிய ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. நாம் உண்ணும் உணவுகளில் எதில் என்ன சத்து, எவ்வளவு இருக்கிறது என்ற அட்டவணைகளை வெளியிடுவது அந்நிறுவனமே.

புழுங்கலரிசியின் சிறப்பையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமினில் ஒரு பகுதி உள்ளே பருப்புக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. நெல் அவித்த நம் முன்னோருக்குத் தயாமின் என்ற பெயர் தெரியாது; பயன் மட்டும் கிடைத்தது. அந்த அரிசியை நிறைய நீரில் வேகவைத்துக் கஞ்சியைக் கீழே கொட்டினால் மிச்சமிருந்த வைட்டமினும் கரைந்து போகும். உணவியல் அறிந்தவர் ஒரு வீட்டின் சமையலறையில் கவனிக்க வேண்டியவை இப்படிப்பட்ட செய்திகளே.

மாவு டப்பாவும் கடலை மிட்டாயும்

உடற்பயிற்சிக் கூடங்களில் புரத மாவு டப்பாக்களைப் பார்த்திருப்பீர்கள். இல்லாமல் முடியாதா? சாதாரணப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது 2020இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ எடைக்கு இது ஏறத்தாழ 50 கிராம்.

நம் ஊர் உணவைக் கூட்டிப் பார்ப்போம். 300 கிராம் அரிசியில் 24 கிராம். 50 கிராம் துவரம்பருப்பில் 11 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம். ஒரு கை நிறைய, 40 கிராம் நிலக்கடலையில் 10 கிராம். மொத்தம் 57! கடுமையாகப் பயிற்சி செய்யும் வீரருக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும். அதையும் பால், மீன், பயறு, கடலை மிட்டாய் என்று பெரும்பாலும் உணவாலேயே நிறைவுசெய்யலாம்.

மாவு எல்லாம் நஞ்சு என்று இதற்குப் பொருளில்லை. யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை, யாருக்குத் தீங்கு என்று பிரித்தறிய வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்ட ஒருவருக்குக் கூடுதல் புரதம் கேடு செய்யும். அவரிடம் டப்பாவை விற்பவர் பயிற்சியாளர் அல்லர், வியாபாரி. இத்தொழிலுக்கு வருகிறவர் நாள்தோறும் சந்திக்கப்போகும் சோதனை இதுவே.

ஓடுவது வேறு, ஓட வைப்பது வேறு

"எனக்கு நல்ல உடற்கட்டு இருக்கிறது, ஆகவே நான் பயிற்சியாளர்" என்று சிலர் நினைக்கிறார்கள். நம் மாவட்டத்துக் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜனை அறிவீர்கள். செங்கற்சூளைத் தொழிலாளியின் மகள். 2006இல் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பின்னர் நடத்தப்பட்ட ஒரு சோதனையைக் காரணம் காட்டி அப்பதக்கம் திரும்பப் பெறப்பட்டது. அந்த வேதனைக்குப் பிறகும் அவர் மைதானத்தை விட்டு விலகவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். ஆசிய அளவில் ஓடிய கால்கள் இருந்தும், தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்றுநர் பட்டயப் படிப்பில் மாணவியாக அமர்ந்து படித்து முடித்தார். 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்றுநர் ஆனார். தான் ஓடத் தெரிந்தது மட்டும் போதாது, பிறரை ஓட வைப்பது தனிக் கல்வி என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. பயிற்சி வீரர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1991இல் புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அவர்கள் தேடியது உடற்கட்டு அல்ல. தம் விருப்பப்படி போய்வரும் உரிமை. உடலை அசைக்கத் தயங்குபவரை அசைய வைப்பதே இத்தொழிலின் கடினமான பகுதி, பயன்மிக்க பகுதியும்கூட.

தேவை இருக்கிறதா என்றால், மிகுதியாகவே இருக்கிறது. 2023இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று மதிப்பிட்டது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை. மிகுதியால் ஒரு நோய், குறைவால் ஒரு நோய். இரண்டும் ஒரே தெருவில் இருக்கின்றன.

எந்த வாசல்?

இத்துறைக்கு இரண்டு பெரிய வாசல்கள் உள்ளன. முதலாவது உடற்கல்வி. 1920இல் ஹாரி குரோ பக் நிறுவிய, இன்று சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி இத்துறையில் நாட்டின் மூத்த கல்லூரி. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் சென்னையில் உண்டு. பள்ளி உடற்கல்வி ஆசிரியர் பணிக்கு உடற்கல்விப் படிப்பு வேண்டும். பயிற்றுநராக விரும்புவோர் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயத்தை நாடுகிறார்கள்.

இரண்டாவது உணவியல். மேல்நிலையில் வேதியியலும் உயிரியலும் படித்திருப்பது நல்லது. பிறகு உணவியல் அல்லது மனையியல் இளங்கலை, தொடர்ந்து முதுகலை. கோவை அவினாசிலிங்கம் நிறுவனம் இதில் பெயர்பெற்றது. மருத்துவமனைப் பணிக்கு இந்திய உணவியல் சங்கத்தின் பதிவுத் தேர்வு மதிப்புச் சேர்க்கும். 2021இல் வந்த மத்தியச் சட்டம் உணவியலாளரையும் மருத்துவம் சார்ந்த தொழிலரில் சேர்த்திருக்கிறது. சேர்க்கை விதிகள் மாறக்கூடியவை; சேரும் ஆண்டில் கல்லூரியிலேயே கேட்டறியுங்கள்.

தனியார் கூடங்களில் பட்டம் கேளாமலேயே வேலை கிடைப்பதுண்டு. ஆனால் எளிதாகத் திறக்கும் கதவு எளிதாக மூடவும் செய்யும். கூட்டம் காலையிலும் மாலையிலும்தான் வரும்; சம்பளமும் தொடக்கத்தில் குறைவாக இருக்கலாம். வீட்டில் இதை மறைக்காமல் பேசுங்கள்.

நான்கு வாரச் சோதனை

கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் முன் உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். செலவு ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுமே.

நோயில்லாத, சம்மதிக்கும் பெரியவர் ஒருவரை வீட்டில் தேர்ந்தெடுங்கள். அம்மாவோ சித்தப்பாவோ யாரானாலும் சரி. வாரத்தில் ஐந்து நாள், ஒரே பாதையில் 20 நிமிடம், அவர் மூச்சு வாங்காமல் பேசக்கூடிய வேகத்தில் உடன் நடங்கள். நின்றவுடன் மணிக்கட்டில் நாடித்துடிப்பை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வரைபடத்தாளில் நாள்தோறும் குறியுங்கள். பயிற்சி ஏற ஏற, துடிப்பு விரைவில் இறங்கும் போக்குத் தெரியலாம். அவர் உண்பதையும் எழுதுங்கள். ஆனால் எதையும் குறைக்கச் சொல்லாதீர்கள். அந்த உரிமை இன்னும் உங்களுக்கு வரவில்லை. நீங்களும் வளரும் வயதில் உணவைக் குறைக்காதீர்கள்.

நான்கு வாரம் முடிந்ததும் நோட்டைப் புரட்டுங்கள். எத்தனை நாள் விட்டுப்போயிருக்கிறது? அவர் வர மறுத்த நாளில் சலித்துக்கொண்டீர்களா, காரணம் கேட்டீர்களா? எண்கள் எதிர்பார்த்தபடி வராத நாளிலும் உள்ளதை உள்ளபடி எழுதினீர்களா?

கணக்கிலும், அடுத்தவர் உடல்மேல் கொண்ட அக்கறையிலும் உங்களுக்குச் சலிப்பு வரவில்லை என்றால் இத்தொழில் உங்களுக்கு உரியது. நம்பிக்கையோடு படியுங்கள். சலிப்பு வந்திருந்தாலும் நட்டமில்லை. வீட்டில் ஒருவர் நான்கு வாரம் நடந்திருக்கிறார்.