மண்ணீரை அளத்தல்: அளவும் இழுவிசையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்கள் சுண்ணக்கற் படையின்மேல் அமைந்தவை. அங்கு கிணற்றிலிருந்து இறைக்கப்படும் நீரில், பயிர் உறிஞ்சாத பகுதி மீண்டும் தரைக்கீழ் நீரையே சென்றடைகின்றது. செல்லும்போது பசளையின் நைத்திரேற்றையும் கரைத்துச் செல்கின்றது. அந்நீரையே மக்கள் பருகுகின்றனர். எனவே, மண்ணீரைச் சரியாக அளத்தல் ஆய்வுகூடத்தோடு நின்றுவிடும் பிரச்சினையன்று.

முதலில் அளவை நோக்குவோம். மண்மாதிரியை 105 பாகை செல்சியசில் 24 மணித்தியாலம் உலர்த்தி, இழந்த திணிவைக் காண்பதே அடிப்படை முறையாகும். 100 கன சென்ரிமீற்றர் ஈரமண் 161 கிராம் எனவும், உலர்ந்தபின் 140 கிராம் எனவும் கொள்வோம். திணிவுப்படி ஈரம் 15 சதவீதம். கனவளவுப்படி 21 சதவீதம். 30 சென்ரிமீற்றர் ஆழமான வேர்ப்படையில் உள்ள நீர் 63 மில்லிமீற்றர் ஆகும். தோற்ற அடர்த்தியைக் கருதாது 15 சதவீதத்தைக் கொண்டு கணித்தால் 45 மில்லிமீற்றரே கிடைக்கும். இல்லாத இக்குறையை நிரப்பப் பாய்ச்சும் 18 மில்லிமீற்றர் நீர், ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கான ஒரு பரப்பில் மட்டும் ஏறத்தாழ 4,500 இலீற்றராகும்.

எனினும் அளவு மட்டும் போதாது. 20 சதவீத ஈரமுள்ள மணலிலிருந்து பயிர் எளிதில் நீரைப் பெறும். அதே ஈரமுள்ள களியில் பயிர் வாடவும் கூடும். களியின் நுண்டுளைகள் நீரை இறுகப் பற்றியிருப்பதே காரணம். இப்பற்றுதலை அளப்பது இழுவிசைமானி. நீர் நிரம்பிய குழாயின் அடியில் நுண்டுளைப் பீங்கான் கிண்ணமும், மேலே வெற்றிடமானியும் கொண்ட எளிய கருவி அது. ஏறத்தாழ 80 கிலோபஸ்காலுக்கு மேல் அது பயன்படாது. வாடற்புள்ளியோ 1500 கிலோபஸ்கால் அளவில் உள்ளது. ஆயினும் நீர் பாய்ச்ச வேண்டிய வேளையை அறிய அவ்வெல்லை பெரும்பாலும் போதுமானது.

நீரின் மின்னுழைய மாறிலி ஏறத்தாழ 80. உலர்மண்ணினதோ 3 முதல் 5 வரையே. இவ்வேறுபாட்டைக் கொண்டு ஈரத்தை உடனடியாக அளக்கும் முறையைக் கனடாவில் தொப் முதலியோர் 1980இல் விளக்கினர். அவர்களது சமன்பாடு களி மிகுந்த மண்ணுக்குப் பொருந்தாது போகலாம். ஆகவே எந்த மின்கருவியையும் அவ்வந்நிலத்து மண்ணை உலர்த்திப் பெற்ற பெறுமானங்களோடு ஒப்பிட்டு அளவுதிருத்தம் செய்தல் வேண்டும்.

மூன்றாவது வினா, நீர் எவ்வளவு விரைவாகக் கீழிறங்கும் என்பது. நிரம்பிய மணலினூடான பாய்ச்சலுக்கு டார்சி 1856இல் விதி வகுத்தார். மண் உலரும்போது பெருந்துளைகளே முதலில் வெறுமையாவதால், நீர்கடத்துதிறன் பன்மடங்கு வீழ்ச்சியுறும். வெடிப்புகளும் வேர்வழிகளும் சிறிய மாதிரியுள் அகப்படா. ஆதலால் ஆய்வுகூடப் பெறுமானத்தை வயலில் சோதித்தே ஏற்கவேண்டும்.

இவ்வளவீடுகள் அறிக்கைகளில் முடங்கிவிடலாகாது. எத்தனை நாளுக்கொருமுறை, எத்தனை மணித்தியாலம் இறைக்கவேண்டும் என்ற வடிவில் அவை கமக்காரரைச் சென்றடைந்தாலே கிணற்று நீர் காக்கப்படும் என்பது எமது கருத்தாகும்.